சேர்க்கைப் படிவத்தில் 'தலைமைப் பண்பு' கட்டம் வேண்டாம்: நெல்லைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் வட்டாரங்களில் உள்ள தன்னாட்சி, சுயநிதிக் கல்லூரிகளின் சேர்க்கைக் குழுத் தலைவர்களும் உறுப்பினர்களும்

வணக்கம்.

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முக்கூடல், பாப்பாக்குடி, கடையம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் பாடம் நடத்தியிருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் அந்தப் பிள்ளைகள் கல்லூரிப் படிவங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. இப்போது வருவது அவர்களுடைய தம்பி தங்கைகள்.

அந்தப் படிவங்களில் கொஞ்ச காலமாக ஒரு கட்டம் முளைத்திருக்கிறது. 'தலைமைப் பண்பு: பள்ளியில் வகித்த பொறுப்புகள், பெற்ற சான்றிதழ்கள்.' எல்லாக் கல்லூரிகளும் இதைக் கேட்பதில்லை. கேட்கிற சில கல்லூரிகளில் அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. கட்டணச் சலுகை இடங்களுக்கான நேர்முகத்திலோ முதல் கேள்வியே அதுதான். அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். இதுவரை அந்தப் பிள்ளை என்னவாக இருந்தது என்பதைவிட, உங்களிடம் வந்தால் என்னவாக வளரும் என்பதைப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள்.

அரசு கவுன்சிலிங்கைப் பற்றி இங்கே பேச்சில்லை. பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட் ஆஃப் போட்டு ரேங்க் வருகிறது. அங்கே யாரும் பிள்ளையைப் பார்த்து 'நீ என்ன லீடர்?' என்று கேட்பதில்லை. நீங்களே முடிவெடுக்கும் இடங்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு பிள்ளை எப்படி கிளாஸ் லீடர் ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்களில் பலர் இதே பள்ளிகளில் படித்தவர்கள். சத்தமாகப் பேசும் பிள்ளை, நல்ல உயரமாக இருக்கும் பிள்ளை, அப்பா பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கும் பிள்ளை, இவர்களில் யாரையாவது வாத்தியார் கைகாட்டுவார். அவ்வளவுதான் தேர்தல். என்.சி.சி. பல கிராமப் பள்ளிகளில் கிடையவே கிடையாது. இருக்கிற பள்ளியிலும் பரேடு முடியும்வரை நின்றால் ஊருக்குப் போகும் பஸ் போய்விடும். அடுத்த பஸ் இருட்டிய பிறகுதான். பெண் பிள்ளையை அந்த நேரத்துக்கு எந்த வீட்டில் விடுவார்கள்? வீட்டுக்குப் போனதும் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவோடு பீடி சுற்ற உட்காரும் பிள்ளைகள் என் வகுப்புகளில் எப்போதும் இருந்தார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான் கூலிக் கணக்கு. அம்மாவின் ஆயிரம் நிறைவதற்கு மகளுடைய கையும் வேண்டும். பேச்சுப்போட்டிக்குத் தயார் செய்யும் நேரம் அங்கேதான் போகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் மாவட்டப் பள்ளிகளுக்குள் சாதி எப்படி நடமாடுகிறது என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமையின்போது நாடே பார்த்தது. அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றின் நிறத்தைப் பார்த்து யார் யாரோடு உட்காருவது என்று முடிவாகிற ஒரு வகுப்பில், லீடர் பொறுப்பு மட்டும் சாதி பார்க்காமலா வந்து சேரும்? 'முன்னால போய் நிக்காத, யார் கண்ணுலயும் படாத, படிச்சிட்டு வந்துரு' என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரை எனக்குத் தெரியும். பிள்ளை பத்திரமாகத் திரும்பி வர வேண்டுமே என்ற பயத்தில் சொல்வது அது. அந்தப் பிள்ளையின் படிவத்தில் உங்கள் கட்டம் காலியாகத்தான் இருக்கும். அதற்குப் பூஜ்யம் போடுகிறவர், தான் எதற்குப் பூஜ்யம் போடுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

ஒரு நேர்முகத்தைப் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அந்த மாணவியின் அப்பா கேரளத்தில் கட்டட வேலையில் இருந்தார். அம்மாவுக்கு அன்றைக்கு பீடிக் கடையில் சரக்கு ஒப்படைக்க வேண்டிய நாள். அதனால் துணைக்கு நான் போனேன், உள்ளேயும் விட்டார்கள். குழுவில் மூன்று பேர். நல்ல மனிதர்கள்தான், உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள்.

"ஸ்கூல்ல என்னம்மா பொறுப்புல இருந்த?"

"நான் லீடரா இருந்ததில்ல சார்."

"சரி, ஏதாவது ஈவென்ட் ஆர்கனைஸ் பண்ணிருக்கியா? ஆண்டு விழா, சயின்ஸ் எக்சிபிஷன், இப்படி?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. இன்னும் ஒரு கேள்வி, அதற்கும் பதிலில்லை. பைலை மூடிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்து உள்ளே போன பையனிடம் பளபளப்பான பைல் இருந்தது. பள்ளி மாணவர் தலைவன் என்ற பேட்ஜ் குத்திய போட்டோ, ஐக்கிய நாடுகள் சபை மாதிரி மாணவர்கள் நடத்தும் கூட்டத்தில் கலந்துகொண்ட சான்றிதழ். அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனுடைய பள்ளி அவனுக்கு அதையெல்லாம் கொடுத்தது, அவன் எடுத்துக்கொண்டான்.

என் மாணவியின் பைலில் கடைசியாக ஒன்று இருந்தது. அதை யாரும் திறக்கவில்லை. நான்தான் எடுத்துவரச் சொல்லியிருந்தேன்: அவளுடைய வேதியியல் ரெக்கார்டு நோட்டும் ரஃப் அப்சர்வேஷன் நோட்டும். பிளஸ் ஒன்னில், ஒரு கரைசலின் செறிவை அளந்து கண்டுபிடிக்கும் முதல் டைட்ரேஷன் வகுப்பில் அவள் எழுதியிருந்த மூன்று அளவுகளும் பக்கத்து மேசைப் பிள்ளையுடையவை. ப்யூரெட் என்ற கண்ணாடி அளவுக் குழாயைத் தொடவே பயம், உடைந்தால் யார் காசு கொடுப்பது என்று. பிளஸ் டூவில் பெர்மாங்கனேட் டைட்ரேஷன் பக்கத்தைப் பாருங்கள். வேதியியல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சாதாரணக் கரைசலுக்கு ப்யூரெட்டில் கரைசல் மட்டத்தின் கீழ் வளைவைப் பார்த்து அளவெடுப்போம். பெர்மாங்கனேட் அடர்ந்த ஊதா நிறம். கீழ் வளைவு சரியாகத் தெரியாது, மேல் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். அவள் முதலில் 14.8 என்று எழுதியிருக்கிறாள். அதை அழிக்கவில்லை. ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் 'மேல் விளிம்பு பார்க்கவில்லை' என்று எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே 14.6. அதற்குக் கீழே மறுபடியும் 14.6.

அடுத்தவர் அளவைப் பார்த்து எழுதிய பிள்ளை, ஒன்றரை வருடத்தில் தன் பிழையைத் தானே கண்டுபிடித்து, காரணத்தோடு, மறைக்காமல் எழுதி வைக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது. உங்கள் பி.எஸ்சி. ஆய்வகத்துக்குள் நுழைய இதைவிடப் பெரிய தகுதி எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆண்டு விழா நடத்தியிருந்தால் அவளுக்கு இது வந்திருக்காது. இது வந்த பிள்ளைக்கு ஆண்டு விழா நடத்தக் கற்றுக்கொடுக்க உங்களுக்கு ஒரு பருவம் போதும்.

அவள் மார்க்கை வைத்தே வேறொரு கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், நன்றாகவே படிக்கிறாள். அவளுக்காக இதை எழுதவில்லை. வருகிற வருடமும் அதே நாற்காலியில் இன்னொரு பிள்ளை உட்காரும், அதற்காகத்தான்.

நம் மாநிலத்துக்கு இது புதிய பாடமும் இல்லை. 1970இல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை உச்ச நீதிமன்றம் வரை போனது. பெரியகருப்பன் வழக்கு என்று சட்டம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அப்போது நேர்முகத்துக்கு 75 மதிப்பெண். எதையெல்லாம் பார்த்து அதைக் கொடுக்க வேண்டும் என்று தலைப்புகள் போட்டிருந்தார்கள்: விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த சேவை, உடல் தாங்கு திறன், பொதுத்திறன், நாட்டம். இன்றைய உங்கள் கட்டத்தின் தாத்தா என்றே சொல்லலாம். நடைமுறையில் தேர்வுக்குழுக்கள் தலைப்பு வாரியாகப் பிரித்துப் போடாமல் மொத்தமாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டன. நீதிமன்றம் அதைக் குறையாகப் பிடித்தது. பத்து ஆண்டுகள் கழித்து, ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில் இதே சிக்கல் மறுபடி வந்தது. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50 என்று வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடம்தான் பேசியிருக்கிறார்கள், அதுவும் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சு. நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் வைப்பதே தன்னிச்சையானது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டில் 1984இல் எம்.ஜி.ஆர். அரசு தொழிற்கல்விக்கான நேர்முகத்தை எடுத்துவிட்டு நுழைவுத்தேர்வு கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அதுவும் பாதகம் என்று சட்டம் இயற்றி 2007இல் அதையும் விட்டோம். சிபாரிசும் பாரபட்சமும் நுழையும் வழிகளை ஒவ்வொன்றாக அடைக்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. ஒரு சின்னக் கட்டத்தின் வழியாக அதைத் திறந்துவிட வேண்டாம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இப்படித்தானே எடுக்கின்றன என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். எடுக்கின்றன, உண்மைதான். அது எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்கள் நூற்றுக்கு இருபதைத் தாண்டினார்கள். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி உள்ளே வந்தவர்கள் அவர்கள். பல்கலைக்கழகத் தலைவராக இருந்த லோவெல் 1922இல் வெளிப்படையாகவே ஒரு உச்சவரம்பு வைக்கப் பார்த்தார். எதிர்ப்பு வந்தது. 1926 வாக்கில் வேறு வழி கிடைத்தது: மதிப்பெண் மட்டும் போதாது, குணநலன், ஆளுமை, இவற்றையும் பார்ப்போம் என்றார்கள், விண்ணப்பத்தோடு போட்டோவும் கேட்டார்கள். யூத மாணவர் எண்ணிக்கை தானாகக் குறைந்தது. இன்று அந்தக் கேள்விகளைக் கேட்பவர்களுக்கு அப்படி ஒரு எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் யாரையும் பெயர் சொல்லித் தடுக்காமலே தடுக்க அந்தக் கேள்வி எவ்வளவு வசதியானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

தலைமைப் பண்பே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், நிறையவே வேண்டும். பஞ்சாயத்திலிருந்து பேங்க் வரை நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசக்கூடிய பிள்ளைகள் நம் பக்கத்திலிருந்து வர வேண்டும். அதை உருவாக்குவதற்கு உங்கள் கையில் மூன்று வருடம் இருக்கிறது. துறை மன்றம் இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம் இருக்கிறது. அந்தப் பொறுப்புகளை ஏற்கெனவே மைக் பிடித்துப் பழகியவர்களுக்கே கொடுக்காமல், பருவத்துக்கு ஒருவராக மாற்றிக் கொடுங்கள். வாயே திறக்காத பிள்ளை முகாமில் அரிசிக் கணக்குப் பார்த்து, ஊர்ப் பெரியவரிடம் பேசி மண்டபத்துச் சாவி வாங்கி, ஆறாவது நாள் அறுபது பேரை வேலைக்கு அனுப்பும். நான் திட்ட அலுவலராக இருந்த பள்ளி முகாம்களிலேயே இதைப் பார்த்திருக்கிறேன்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகள் கேட்கின்றன, கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் நாக் குழு கேட்கிறது என்பதும் காதில் விழுகிறது. இதுவரை இருந்த நாக் அளவுகோலில் ஐந்தாவது பிரிவின் பெயரே மாணவர் ஆதரவும் முன்னேற்றமும். விளையாட்டு, கலைப்போட்டிப் பரிசுகளுக்கு அதில் இடம் இருந்தது, அதனால் தயாராக இருக்கும் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் இரண்டாவது பிரிவிலேயே இன்னொரு கேள்வி இருந்தது: மாணவர்களின் கற்றல் நிலையைக் கண்டறிந்து, மெதுவாகக் கற்பவர்களுக்கு என்ன சிறப்பு ஏற்பாடு செய்தீர்கள்? மெதுவாகக் கற்பவர் யாரையும் உள்ளேயே விடாத கல்லூரி அதற்கு என்ன எழுதும்?

சரி, 'வளர்ச்சி வாய்ப்பு' என்று ஒரு புதுக் கட்டம் போட்டுவிடலாமா? தயவுசெய்து அதையும் செய்யாதீர்கள். அடுத்த வருடமே அதற்கு என்ன எழுத வேண்டும் என்று சொல்லித்தர வண்ணார்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டர் போர்டு வைத்துவிடும். அதைவிட மோசமாக, பிள்ளைகள் தங்கள் கஷ்டத்தை விற்கத் தொடங்குவார்கள். அப்பா குடிப்பதையும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததையும் முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை சொல்லி அழுதால்தான் சீட்டு என்று ஆகிவிடக் கூடாது. சொல்ல விரும்பாத பிள்ளைக்கும் மானம் உண்டு. பீடி சுற்றியதையே ஒரு தகுதியாக எழுதச் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. அது அவள் செய்திருக்கவே கூடாத வேலை.

வளர்ச்சியைக் கண்டுபிடிக்க வேண்டிய பெரும்பாலான தடயம் ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு மார்க்கையும் பிளஸ் டூ மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பத்தாம் வகுப்பில் 500க்கு 260 எடுத்த பிள்ளை பிளஸ் டூவில் 600க்கு 450 எடுத்திருந்தால் அந்த ஏற்றம் கண்ணில் படட்டும். அந்தப் பிள்ளை படித்த பள்ளியில் மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். எல்லாரும் 550 எடுக்கும் பள்ளியில் 520 எடுப்பதும், பாட ஆசிரியரே பாதி வருடம் இல்லாத பள்ளியில் 450 எடுப்பதும் வேறு வேறு. வருவாய்த் துறை கொடுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கட்டணச் சலுகைக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், அது ஒரு தகவலும்கூட. பாட ஆசிரியரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். 'நல்ல மாணவி, ஒழுக்கமானவள்' என்று எழுத இடம் கொடுக்காதீர்கள். இந்தப் பிள்ளைக்கு முதலில் வராத எது, பிறகு எப்படி வந்தது என்று மட்டும் கேளுங்கள். பிள்ளையைத் தெரிந்த ஆசிரியரால்தான் அதற்குப் பதில் எழுத முடியும்.

அப்புறம் நேர்முகம். நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால், பத்து நிமிடம் கேள்வி கேட்பதற்குப் பதில் அந்தப் பத்து நிமிடத்தில் எதையாவது சொல்லிக்கொடுங்கள். பி.காம். என்றால் ரொக்க ஏட்டில் இரண்டு பதிவு. வேதியியல் என்றால் ஒரு அளவு எடுக்கும் முறை. ஆங்கில இலக்கியம் என்றால் ஒரு சின்னக் கவிதையில் நான்கு வரி. தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள். பிறகு அதே மாதிரி இன்னொன்றைக் கொடுத்து, செய்யச் சொல்லிப் பாருங்கள். தப்பாகச் செய்தால் எங்கே தப்பு என்று காட்டி, மூன்றாவதாக ஒன்று கொடுங்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் என்ன மாறியது என்பதை எழுதி வையுங்கள். நீங்கள் ஆசிரியர்கள், இது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. கேள்வி கேட்டு ஆளை எடை போடும் வேலை நம்மில் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. இதற்கும் 15 விழுக்காட்டுக்குள்தான் மதிப்பெண், அதுவும் தலைப்பு வாரியாகப் பிரித்து, காரணம் எழுதி. நேரம் அதிகம் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் முதலில் கட்டணச் சலுகை இடங்களுக்கு மட்டும் செய்து பாருங்கள் என்கிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டை நான் தொடவில்லை. ஓடிய பிள்ளையின் நேரம் கடிகாரத்தில் இருக்கிறது, அதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வந்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெயர் எப்படி வந்தது? 1890களில் ஆஸ்க்வித் அம்மையார் இங்கே பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அதே காலத்தில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் சாராள் தக்கர் பெயரில் பெண்களுக்கான பள்ளியும் கல்லூரியும் எழுந்தன. அந்தப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றபோது அவர்களிடம் காட்டுவதற்கு ஒரு சான்றிதழும் இருந்திருக்காது. சேர்த்துக்கொண்டவர்கள் பார்த்தது, இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் வருமா என்பதை மட்டும்தான்.

பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்னாலேயே உங்கள் படிவங்கள் அச்சுக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதற்குள் உங்கள் குழு ஒருமுறை கூடி இதைப் பேச வேண்டும். முதல் வேலையாகத் தலைமைப் பண்புக்கான மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள். சாதனையைச் சொல்ல விரும்பும் பிள்ளை சொல்வதற்கு ஒரு வரி இடம் இருந்துவிட்டுப் போகட்டும், மார்க் மட்டும் வேண்டாம். பத்தாம் வகுப்பு மார்க்கையும் பள்ளியின் தேர்ச்சி விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். ஆசிரியர் எழுத வேண்டிய அந்த ஒரு பக்கப் படிவத்தைத் தமிழில் தயாரித்துத் தர, என்னைப் போல் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் தயாராக இருக்கிறோம். எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் வருகிறோம், மாதிரிப் பாடத்தோடு நேர்முகத்தை நடத்தியும் காட்டுகிறோம். பஸ் செலவுகூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்